சுல்தானின் அங்கி (அரங்கிலிருந்து தூதரகம் வரை – பகுதி 5)

சென்ற வாரம் கிரீஷ் கர்னாடை ஆக்ஸ்போர்டில் விட்டுவிட்டு வந்தோம். 1938-இல் மாத்தேரானில் பிறந்தவர். சிர்சியிலும் தார்வாடிலும் வளர்ந்தவர். கணிதமும் புள்ளியியலும் படித்தவர். 1960-இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து போனார். ஆங்கிலக் கவிஞராகப் பேரெடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. ஆனால் புறப்படுவதற்கு முன் அவர் கையிலிருந்து வந்தது கன்னடத்தில் ஒரு நாடகம், ‘யயாதி’. ஆக்ஸ்போர்டு யூனியன் விவாத மன்றத்தின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதோடு போன பகுதி முடிந்தது.

முதல் பகுதியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை எங்கே போய்ச் சேரும் என்று தெரியும். 2000-ஆம் ஆண்டு. லண்டன், மேஃபேர், சவுத் ஆட்லி தெரு. இந்தியத் தூதரகத்தின் பண்பாட்டுப் பிரிவான நேரு மையம். அதன் இயக்குநர் நாற்காலியில் கர்னாட்.

அந்த நாற்காலிக்குப் போன பாதை மெட்ராஸ் வழியாகப் போகிறது. இந்த வாரம் அந்த ஏழு ஆண்டுகள்.

* * *

மவுண்ட் ரோடு, 1963

படிப்பு முடிந்தது. ஊர் திரும்பிய இளைஞருக்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் மெட்ராஸ் கிளையில் வேலை கிடைத்தது. அலுவலகம் மவுண்ட் ரோட்டில். பாடப் புத்தகங்கள், அகராதிகள், கல்லூரிகளுக்குப் போகும் ஆங்கில நூல்கள். பகலெல்லாம் பிறர் எழுதியதோடு பொழுது போகும். மாலையில் நாடகம்.

1955-இல் தொடங்கிய ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ என்ற ஆங்கில நாடகக் குழு அப்போது ஊரில் இயங்கிக்கொண்டிருந்தது. கர்னாட் அதில் சேர்ந்தார். நடித்தார், ஒத்திகைகளில் உட்கார்ந்தார், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார். அந்த நட்புகள் பின்னால் எவ்வளவு தூரம் போயின என்பதை இன்னும் சற்று நேரத்தில் பார்ப்போம்.

அன்றைய மெட்ராஸ் தெற்கே அடையாறு, கிண்டியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். நாம் குடியிருக்கும் பள்ளிக்கரணை அன்று சதுப்பும் கோரையும் பறவைகளுமாக இருந்தது. இத்தொடர் ஆரம்பித்த புதிதில் நம் ஊர் டீக்கடையில் ஒரு வாசகர் கேட்டார்: “காதலன் படத்துல கவர்னரா வருவாரே, அவர்தானே சார் இவர்? கன்னடக்காரர் கதை நமக்கு எதுக்கு?”

அவரேதான். அந்த வாசகருக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்தப் பகுதி முழுக்க இருக்கிறது. தென்னிந்திய நாடகத்தின் திசையைத் திருப்பிய ஒருவர் தன் 25 வயதிலிருந்து 32 வயதுவரை நம் நகரத்தில்தான் வேலை பார்த்தார், நாடகம் போட்டார், எழுதினார். அதை நாம் சுத்தமாக மறந்திருக்கிறோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

* * *

படுதாவுக்கு முன்னும் பின்னும்

கீர்த்திநாத் குர்த்தகோடி என்று ஒரு விமர்சகர். தார்வாடில் ‘மனோகர கிரந்தமாலா’ பதிப்பகத்தின் மாடியில் கூடும் இலக்கியவாதிகளில் ஒருவர். கன்னடத்தில் நல்ல சரித்திர நாடகமே இல்லை என்பது அவருடைய குறை. மன்னர் வருவார், வீர வசனம் பேசுவார், கைதட்டல் வாங்குவார். அந்த மன்னனின் மூளைக்குள் என்ன நடந்தது என்று ஒரு நாடகமும் கேட்பதில்லை.

கர்னாடுக்கு அது உறைத்தது. இந்திய வரலாற்றை ஆரம்பத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். ஈசுவரி பிரசாத் எழுதிய நூலில் ஓர் அரசனிடம் வந்து நின்றுவிட்டார்.

முகமது பின் துக்ளக். 1325 முதல் 1351 வரை டெல்லி சுல்தான். தத்துவம் படித்தவர், கணிதம் அறிந்தவர், அழகான கையெழுத்துக்காரர். தலைநகரை டெல்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றியவர். வெள்ளிக்கு ஈடாகச் செம்பு நாணயம் வெளியிட்டுக் கஜானாவைக் காலி செய்தவர். பள்ளிக்கூடப் பாடத்தில் நாம் எல்லோரும் கோமாளியாகப் படித்த அரசன்.

கர்னாட் அவரைக் கோமாளியாகப் பார்க்கவில்லை. டெல்லி அரியணையில் உட்கார்ந்தவர்களிலேயே பெரிய அறிவாளி இவர்தான், லட்சியவாதியும் இவர்தான். தோற்றவர்களிலும் இவர்தான் பெரியவர். இருபது ஆண்டுகளுக்குள் இத்தனை திறமையும் எப்படி நாசமாயிற்று? இந்தக் கேள்விதான் நாடகத்தின் கரு.

1964-இல் ‘துக்ளக்’ கன்னடத்தில் அச்சேறியது. அதே ஆண்டு மே 27 அன்று நேரு காலமானார். சுதந்திரம் வந்து 17 ஆண்டுகள். பெரிய கனவுகளோடு தொடங்கிய தேசம் சீனப் போரின் தோல்வியிலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. படித்தவர்கள் புத்தகத்தைத் திறந்ததும் 14-ஆம் நூற்றாண்டு மறைந்து தங்கள் நூற்றாண்டு தெரிந்தது. எழுதியவருக்கு வயது 26.

இதில் அங்கதம் எங்கே என்று கேட்கலாம். அது படுதாவுக்கு முன்னால் இருக்கிறது.

பழைய கம்பெனி நாடகம் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளிலும் இதே வழக்கம்தான். தர்பார் காட்சி முடிந்ததும் தெரு வரைந்த ஒரு படுதா முன்மேடையில் இறங்கும். பின்னால் தச்சர்களும் ஆட்களும் அரண்மனையைக் கழற்றிக் காட்டை மாட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்காமலிருக்க முன்னால் இரண்டு நகைச்சுவை நடிகர்கள் வந்து கதைக்குச் சம்பந்தமில்லாமல் எதையாவது பேசிச் சிரிக்க வைப்பார்கள். பின்மேடை ராஜாக்களுக்கு, முன்மேடை பபூனுக்கு. இந்த எல்லையை யாரும் தாண்டமாட்டார்கள்.

சிறுவயதில் இந்தக் கம்பெனி நாடகங்களைப் பார்த்து வளர்ந்த கர்னாட் அந்த இரண்டு பபூன்களையும் தன் நாடகத்துக்குள் கொண்டுவந்தார். அஜீஸ், ஆஜம். அஜீஸ் ஒரு சலவைத் தொழிலாளி. பிற மதத்தவருக்கும் நீதி உண்டு, சுல்தான் மீதே வழக்குப் போடலாம் என்று துக்ளக் அறிவிக்கிறார். உடனே அஜீஸ் விஷ்ணு பிரசாத் என்ற பிராமணனாக வேடம் போட்டுக்கொண்டு வழக்குத் தொடுக்கிறான். ஜெயிக்கிறான். 500 வெள்ளி தினாரும் அரசு வேலையும் கிடைக்கின்றன. சுல்தானின் உன்னதமான சட்டத்துக்கு முதல் பயனாளி ஒரு போலி.

தலைநகர் மாறும்போது வழியில் கூடாரக் காவல் பார்க்கும் அதிகாரியும் அவன்தான். குழந்தை சாகக் கிடக்கிறது, வைத்தியரிடம் போக விடுங்கள் என்று ஒரு தாய் கெஞ்சுகிறாள். லஞ்சம் கொடுத்தால் போகலாம் என்கிறான். செம்பு நாணயம் வந்ததும் கள்ள நாணயம் அடிக்கிறான். கள்ள நாணயங்கள் வண்டி வண்டியாக வந்து சுல்தான் ஆசையாக அமைத்த ரோஜாத் தோட்டத்தில் குவிகின்றன.

காட்சிக்குக் காட்சி அந்த முன்மேடைக்காரன் பின்மேடையை நோக்கி நகர்கிறான். முடிவில், பாக்தாத் கலீபாவின் வம்சத்து விருந்தினரைக் கொன்று அவர் உடையைப் போட்டுக்கொண்டு தர்பாருக்கே வந்துவிடுகிறான். சுல்தான் கண்டுபிடித்துவிடுகிறார். தண்டிக்கவில்லை. தக்காணப் படையில் பதவி கொடுத்து அனுப்புகிறார். தன் கொள்கைகளை உண்மையாகப் புரிந்துகொண்டு வாழ்ந்தவன் இந்தப் போலி ஒருவன்தான் என்பதை அவர் உணர்கிற இடம் அது.

கன்னட நாடகத்தில் இதற்குமுன் இப்படி ஓர் அடி விழுந்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

* * *

அங்கி

இந்த நாடகத்தில் இத்தொடருக்கு மிக முக்கியமான காட்சி வேறொன்று. நிதானமாகப் பார்ப்போம்.

ஷேக் இமாமுதீன் என்ற மதப் பெரியவர் ஊர் ஊராகப் போய்த் துக்ளக்கைத் தாக்கிப் பேசுகிறார். தந்தையைக் கொன்றவன், சகோதரனைக் கொன்றவன், மார்க்கத்தை மீறியவன் என்கிறார். அவர் பேசிய ஊரில் கலவரம் வெடிக்கிறது. சுல்தான் அவரைக் கைது செய்யவில்லை. டெல்லிக்கு அழைக்கிறார். பெரிய மசூதியின் முன் மேடை போட்டுத் தருகிறார். என் குறைகளை என் முன்னாலேயே சொல்லுங்கள் என்கிறார்.

கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. வரவிடாமல் வீடு வீடாகச் சிப்பாய்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

வெறிச்சோடிய முற்றத்தில் சுல்தானும் ஷேக்கும் மட்டும். அப்போது சுல்தான் ஓர் உதவி கேட்கிறார். கன்னோஜ் பக்கம் ஐன்-உல்-முல்க் படை திரட்டிக்கொண்டு வருகிறான். முஸ்லிம்கள் முஸ்லிம்களோடு மோதி ரத்தம் சிந்த வேண்டாம். தூதராகப் போய்ச் சமாதானம் பேசுவீர்களா?

ஷேக் சம்மதிக்கிறார். அரச அங்கியை அவருக்குப் போர்த்துகிறார்கள். தோற்றத்தில் அவரும் சுல்தானும் ஏற்கெனவே ஒருவரையொருவர் ஒத்திருப்பவர்கள். அங்கி ஏறியதும் வித்தியாசமே தெரியவில்லை.

யானை மேல் சுல்தானின் உடையில் அவர் போகிறார். எதிரே படை. சமாதானம் பேச எழுந்து நிற்கிறார். அந்தக் கணத்தில் டெல்லிப் படையிலிருந்து தாக்குதலுக்கான ஊதுகொம்பு ஒலிக்கிறது. அம்புகள் பாய்கின்றன. சுல்தான் என்று நினைத்து எதிரிகள் தூதரைக் கொன்றுவிடுகிறார்கள்.

கொம்பை ஊதச் சொன்னது யார்? பார்வையாளருக்குத் தெரியும். தன்னை எதிர்த்துப் பேசிய நாவைத் தன் சொந்த உடையிலேயே பொதிந்து முடித்துவிட்டார் சுல்தான்.

இந்தக் காட்சியை எழுதிய மனிதர் 36 ஆண்டுகள் கழித்து ஓர் அரசின் அங்கியைத் தானே அணிந்தார். அதனால்தான் இந்த இடத்தில் இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

நிஜத் துக்ளக்கிடமும் ஒரு தூதர் இருந்தார். மொராக்கோவிலிருந்து வந்த இபுன் பதூதா. டெல்லியில் காஜியாக வேலை பார்த்தவரை 1340-களின் தொடக்கத்தில் சுல்தான் சீனப் பேரரசரிடம் தூது அனுப்பினார். கள்ளிக்கோட்டைக் கடலில் புயல் அடித்துக் கப்பல்கள் உடைந்தன. பரிசுப் பொருள்கள் போயின. திரும்பிப் போய் சுல்தான் முகத்தில் விழிக்கப் பதூதாவுக்குப் பயம். மாலத்தீவு போனார், இலங்கை போனார், கடைசியில் நம் கரைக்கு வந்து மதுரை சுல்தானிடம் தங்கினார். டெல்லி பக்கம் தலைவைக்கவே இல்லை.

* * *

இன்னொரு துக்ளக்

கர்னாட் மவுண்ட் ரோட்டில் இருந்த அதே ஆண்டுகளில் அவரைச் சுற்றியிருந்த ஊர் என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலத்தை உலுக்கியது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். தமிழ் மேடையின் மிகப்பெரிய நையாண்டிக்காரர் ராதா. 1954-இல் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்ததற்கு அவருடைய ராமாயண நாடகமே முக்கியக் காரணம். கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எம்.ஜி.ஆர் பரங்கிமலைத் தொகுதியில், அதாவது நம் தென்புறத்தில், ஜெயித்தார். மார்ச்சில் அண்ணா முதலமைச்சர். ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’ எழுதிய நாடகாசிரியர். 1969 பிப்ரவரியில் அவர் மறைந்ததும் கருணாநிதி. அவரும் நாடகத்தில் தொடங்கியவர்.

நாடகம் எழுதுகிறவர்கள் கோட்டைக்குள் போய் உட்கார்ந்ததை இந்தியாவில் வேறெந்த நகரமும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கர்னாடின் பிற்காலத்துப் பதவிகளைப் பேசும்போது பலரும் ஆக்ஸ்போர்டைக் காரணம் காட்டுவார்கள். நான் மெட்ராஸைச் சொல்வேன். எழுத்தாளன் அரசாங்கத்துக்கு வெளியேதான் நிற்கவேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஊரில் அவருடைய இளமை கழிந்தது.

அப்போதுதான், 1968-இல், சபா மேடைகளில் இன்னொரு துக்ளக் வந்தார். சோ ராமசாமியின் ‘முகமது பின் துக்ளக்’.

வழக்கறிஞர் சோவும் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழுவினரும் போட்ட நாடகம். கல்லறையிலிருந்து துக்ளக்கும் பதூதாவும் உயிரோடு எழுந்து வருகிறார்கள். தேர்தலில் நிற்கிறார்கள். துக்ளக் பிரதமரே ஆகிவிடுகிறார். இந்தியா, ஆங்கிலமா என்று சண்டையா? பாரசீகம்தான் ஆட்சிமொழி என்று அறிவித்துவிடுகிறார். கட்சி மாறி வந்தவர்கள் எல்லோரும் துணைப் பிரதமர்கள். 1967 தேர்தலுக்குப் பின் கட்சித் தாவல் தினசரிச் செய்தியாக இருந்த நேரம். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. துக்ளக்காக நடித்தவர் சோவேதான். பின்னர் அது படமாகவும் வந்தது. 1970 பொங்கலன்று அவர் தொடங்கிய பத்திரிகைக்கும் அதே பெயர்.

சோவின் நாடகத்தில் கடைசியில் ஒரு திருப்பம் உண்டு. வந்தவர் துக்ளக்கே இல்லை. நாட்டைத் திருத்த வேடம் போட்ட ஒரு தேசபக்தர். ஆனால் பதவி ருசி கண்டதும் வேடத்தைக் கலைக்க மறுத்துவிடுகிறார்.

ஒரே நகரம், நான்கே ஆண்டு இடைவெளி, ஒரே சுல்தான். ஒன்று கன்னடத்தில், துயரத்தின் கனத்தோடு. மற்றொன்று தமிழில், சிரிப்பின் வேகத்தோடு. இரண்டிலும் யாரோ ஒருவர் தன்னுடையதல்லாத அங்கியைப் போட்டுக்கொள்கிறார், அதிலிருந்து அவரால் வெளியே வர முடியவில்லை.

* * *

அக்டோபர் 1968

இதே வருடம் டெல்லியில் ஒரு கவிஞர் தன் அங்கியைக் கழற்றினார்.

ஆக்டேவியோ பாஸ். 1962 முதல் இந்தியாவுக்கான மெக்சிகோ தூதர். 1968 அக்டோபர் 2 அன்று மெக்சிகோ நகரின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்கள் மீது அவருடைய அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. செய்தி கிடைத்ததும் பாஸ் தூதர் பதவியிலிருந்து விலகினார். அதே அரசின் சார்பில் விருந்துகளில் கைகுலுக்க அவருக்கு மனம் வரவில்லை. பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு வந்தது. ஆனால் எழுத்தாளர் தூதர்களைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் நினைப்பது அந்த ராஜினாமாவைத்தான்.

எழுத்தாளர் ஒருவர் அரசுப் பதவி ஏற்கும்போதெல்லாம் என் மனத்தில் பாஸ் வந்து நிற்கிறார். அவரை வைத்துக் கர்னாடை அளந்து பார்க்கும் நேரம் இந்தக் கதையில் வரும்.

* * *

தடை

மெட்ராஸ் பிளேயர்ஸ் நட்பு எவ்வளவு தூரம் போனது என்று சொல்வதாகச் சொன்னேன்.

அந்தக் குழுவைக் கட்டியவர்களில் சினேகலதா ரெட்டி ஒருவர். கணவர் பட்டாபிராம ரெட்டி தெலுங்குக் கவிஞர், படத் தயாரிப்பாளர். யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ நாவலைப் படமாக்க அவர்கள் முடிவு செய்தபோது திரைக்கதை எழுதியவர் கர்னாட். பிராணேசாசார்யா வேடத்தில் நடித்தவரும் அவரே. சந்திரியாக சினேகலதா. நாரணப்பாவாக பி. லங்கேஷ். ஒளிப்பதிவு டாம் கோவன் என்ற ஆஸ்திரேலியர். சிருங்கேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் படப்பிடிப்பு.

அக்ரகாரத்தில் ஒருவன் இறந்துவிடுகிறான். ஆசாரம் கெட்டவன். அவனுக்கு ஈமக்கிரியை செய்வது யார் என்ற கேள்வியில் ஊரே முடங்கிப் போகிறது. பிணம் கிடக்கிறது. இதுதான் கதை.

மெட்ராஸ் தணிக்கைக் குழு படத்துக்கு அனுமதி மறுத்தது.

கர்னாடின் வாழ்க்கையில் அரசு இயந்திரம் முதல்முறையாக நேருக்கு நேர் வந்து நின்ற தருணம் இது. அவர்கள் ஒதுங்கவில்லை, மேல்முறையீடு செய்தார்கள். தடை விலகியது. 1970-க்கான தேசிய விருதுகளில் சிறந்த படத்துக்கான விருது ‘சம்ஸ்காரா’வுக்குக் கிடைத்தது. கன்னடப் படம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. ஒரே படத்துக்கு அரசின் ஒரு கை பூட்டுப் போட்டது, இன்னொரு கை மாலை போட்டது.

அரசு என்பது ஒரே ஆள் இல்லை, அதற்குள் பல கதவுகள் உண்டு, எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும் என்ற பாடத்தை அவர் இங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதே 1970-இல் ஹோமி பாபா ஃபெலோஷிப் கிடைத்தது. அச்சக வேலையை விட்டார். மாதச் சம்பளம், மானேஜர் பொறுப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுநேர நாடகக்காரராக மெட்ராஸிலிருந்து வெளியேறினார். அடுத்த நாடகம் ‘ஹயவதனா’. அதை ஆங்கிலத்தில் முதலில் மேடையேற்றியது மெட்ராஸ் பிளேயர்ஸ். 1972 டிசம்பர் 7, எழும்பூர் மியூசியம் தியேட்டர்.

அந்த அரங்கை நேரில் பார்த்திராதவர்கள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கிப் பாந்தியன் சாலைக்கு நடந்து போய்ப் பாருங்கள். 1896-இல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடம். உள்ளே இருக்கைகள் அரைவட்டமாக மேடையைச் சூழ்ந்து படிப்படியாக உயரும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் நடிகரின் முகம் தெரியும். ஒரு நடிகர் குரலைத் தாழ்த்திப் பேசினாலும் எட்டும்.

* * *

இரண்டு நாற்காலிகள்

இனி வேகமாக நகர்வோம். அடுத்த முப்பது ஆண்டுகளை வரும் பகுதிகளில் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

1974-இல் புனே திரைப்படக் கல்லூரியின் இயக்குநர் ஆனார். நெருக்கடி நிலை வந்தது. 1975-இல் பதவி விலகினார். மெட்ராஸ் நாள்களின் தோழி சினேகலதா 1976-இல் கைது செய்யப்பட்டு பெங்களூர் சிறையில் எட்டு மாதம் இருந்தார். ஆஸ்துமா நோயாளி. 1977 ஜனவரியில் உடல் சீர்கெட்ட நிலையில் வெளியே விட்டார்கள். சில நாள்களில் இறந்துபோனார். ஒரு நாடகக் குழுவில் ஒன்றாக ஒத்திகை பார்த்தவர்களில் ஒருவருக்கு அரசு கொடுத்தது இது.

1988 முதல் 1993 வரை சங்கீத நாடக அகாதெமியின் தலைவர். நடுவே, மண்டலும் மந்திரும் நாட்டைப் பிளந்துகொண்டிருந்த 1990-இல், 12-ஆம் நூற்றாண்டு பசவண்ணரின் இயக்கத்தை வைத்து ‘தலெதண்ட’ எழுதினார். மதத்தின் பேரால் நடக்கும் அரசியலை மேடையிலும் வெளியிலும் எதிர்த்தார். 1998-க்கான ஞானபீட விருதும் வந்தது.

அதன்பிறகுதான் அந்த ஆச்சரியம்.

டெல்லியில் வாஜ்பாய் தலைமையில் தேசிய ஜனநாயகக் கூட்டணி ஆட்சி. 1999 நவம்பரில் ஒரு துக்ளக்குக்கு நாடாளுமன்றத்தில் நாற்காலி கிடைத்தது: சோ மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆட்சியில் இருந்தவர்களோடு அவருக்கு நெருக்கம் இருந்தது, அதை அவர் மறைத்ததும் இல்லை.

அடுத்த வருடம் இன்னொரு துக்ளக்குக்கு லண்டனில் நாற்காலி கிடைத்தது. ஆளும் கட்சியின் அடிப்படைக் கொள்கையையே எதிர்த்து எழுதியவர், பேசியவர், அதே அரசின் பண்பாட்டுத் தூதராகப் போகிறார். இசைக் கச்சேரிகள், ஓவியக் கண்காட்சிகள், நூல் வெளியீடுகள். இந்தியாவின் முகத்தைப் பிரிட்டனுக்குக் காட்டும் வேலை. 1992-இல் மையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராக இருந்தவர் கோபாலகிருஷ்ண காந்தி, தமிழ்நாட்டில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், ராஜாஜியின் பேரன். அந்த வரிசையில் இப்போது கர்னாட்.

2002-இல் குஜராத் எரிந்தது. கர்னாட் அப்போதும் லண்டனில் பதவியில் இருந்தார்.

அதே 2002-இல் லெஸ்டர் நகரின் ஹேமார்க்கெட் தியேட்டரில் அவருடைய ‘பலி’ என்ற நாடகம் ஆங்கிலத்தில் மேடையேறியது. நசிருதீன் ஷா யானைப்பாகனாக நடித்தார். சமணப் பழங்கதை ஒன்றைத் தழுவியது. மாவில் சேவல் செய்து பலி கொடுத்தால் அது கொலையா, இல்லையா? கத்தி உயிரைத் தொடாவிட்டாலும் மனத்தால் வெட்டியது பாவமா? ராணி கேட்கிறாள், ராஜா தவிக்கிறான்.

பாஸ் ராஜினாமாக் கடிதம் எழுதினார். கர்னாட் 2003 வரை லண்டனில் இருந்தார், நடுவே இந்த நாடகம். இமாமுதீனுக்கு அங்கி போர்த்திய காட்சியைத் தன் 26 வயதில் எழுதிய மனிதருக்கு, தனக்குப் போர்த்தப்பட்டது எது என்று நிச்சயம் தெரிந்திருக்கும். அப்படியானால் எதிராளியைத் தேடிப்பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்த அரசு அவரிடம் என்ன எதிர்பார்த்தது? அவர் ஏன் ஒப்புக்கொண்டார்?

(தொடரும்)